ரைசன் 9 வேண்டாம், உங்க கேமரா ஃபைலைக் காட்டுங்க

கேள்வி, 19 ஜூலை 2025

அண்ணே, அறந்தாங்கியில கல்யாண வீடியோ பண்றேன். சோனி ஏ7 மார்க் 4 ரெண்டு பாடி. 4கே, நொடிக்கு 25 ஃபிரேம் (25பி), 10 பிட். பழைய மெஷின்ல டைம்லைன் நகரவே மாட்டேங்குது, ரெண்டு கேமராவை அடுக்கி வெச்சா ஆடியோ மட்டும் போகுது, படம் நிக்குது. பட்ஜெட் 1,20,000. கடையில ரைசன் 9, 16 ஜிபி ரேம், 4060 கிராஃபிக்ஸ் கார்டுன்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. "கேமே பறக்கும், எடிட்டிங் எம்மாத்திரம்"ங்கறாங்க. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள வாங்கணும். சரியா வருமா?

20 ஜூலை 2025

வராது. கொட்டேஷனை மடிச்சு வைங்க.

ஆடி மாசத்துல கேட்டீங்க பாருங்க, அது ஒண்ணு நல்லது. முகூர்த்தம் இல்லாத மாசம்தான் மெஷின் மாத்துற மாசம். ஆவணி முதல் வாரத்துல புது மெஷினை வெச்சுக்கிட்டு டிரைவர் தேடின அனுபவம் எனக்கு உண்டு.

கேம் ஓடுறதுக்கும் டைம்லைன் ஓடுறதுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. கேமரா எழுதுற எச்.264, எச்.265ங்கற சுருக்கின ஃபைல்ல ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமா இருக்காது. ஒரு முழுப் படம் இருக்கும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் "போன படத்துலேருந்து என்ன மாறிச்சு"ங்கற குறிப்பு மட்டும்தான். தாலி கட்டுற அந்த ஒரு ஃபிரேம்ல நீங்க கத்தி வெக்கணும்னா, மெஷின் முன்னாடி உள்ள முழுப் படத்துக்குப் போய், அங்கேருந்து வரிசையாக் கணக்குப் போட்டு வரணும். சும்மா படம் பாக்கிறவனுக்கு இது தெரியாது. நேரா ஓடிடும். முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பாக்கிற நமக்குத்தான் இடுப்பு ஒடியும்.

இந்தப் பிரிக்கிற வேலைக்குன்னு சிப்புக்குள்ள தனியா ஒரு சர்க்யூட் உண்டு. அது உங்க ஃபைல் வகையைப் படிக்குமா படிக்காதாங்கறதுதான் மொத்தக் கேள்வியும். பிட்டும், 4:2:0, 4:2:2ங்கறதும் நிற விவரம் எவ்வளவு சேமிக்குதுங்கற கணக்கு. 8 பிட் 4:2:0ன்னா எல்லா கார்டும் படிக்கும். 10 பிட் 4:2:2 எச்.265ன்னா என்விடியா 30 வரிசையும் 40 வரிசையும் (உங்க கொட்டேஷன் 4060 இதுலதான்) கை விரிச்சிடும். ஏஎம்டியோட ரேடியான் பக்கமும் இல்லை, ரைசனுக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸும் அதே குடும்பம்தான். இன்டெல் 11ஆம் தலைமுறையிலேருந்து புராசசருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் அதை அனாயாசமாப் படிக்கும். குவிக் சிங்க்னு பேரு. அறுபதாயிரம் ரூபா கார்டு திணறுற ஃபைலை, காசே தனியா வாங்காத அந்த மூலைச் சர்க்யூட் ஓட்டிடும்.

அதனால ஐ7-12700. பின்னாடி எஃப் எழுத்து இல்லாதது. எஃப்னா உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸை அணைச்சுட்டு விக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, 2022ல எழும்பூர்ல இறங்கி காலங்காத்தால ரிச்சி தெருவுக்கு நடந்தே போய், டீ குடிச்சு, கடை திறக்கிற வரைக்கும் ஷட்டர் முன்னாடி நின்னு, 12400எஃப் வாங்கிட்டு கும்பகோணம் வந்தவன் நான். எஃப் இல்லாததுக்கு ஆயிரத்தி ஐநூறு கூட. "உங்ககிட்டதான் கார்டு இருக்கே சார், அது எதுக்கு தண்டம்?"னு கேட்டாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. கேனான் ஆர்6ல சி-லாக் (பின்னாடி கலர் பண்ண வசதியா மங்கலா எடுக்கிற முறை) போட்டு எடுத்த முதல் கல்யாணத்தை உள்ளே போட்டேன். பழைய மெஷின் எவ்வளவு திக்கிச்சோ புதுசும் அவ்வளவே திக்கிச்சு. மூணு நாள் விண்டோஸைத் திட்டினேன், ஒரு நாள் எடிட்டிங் மென்பொருள் பிரீமியரைத் திட்டினேன். கடைசில அந்த எழுத்தைப் பாத்தேன். புராசசரை மாத்தின வகையில நாலாயிரம் நஷ்டம்.

இன்னொண்ணு. கார்டு செருகினதும் சில மதர்போர்டுல உள் கிராஃபிக்ஸ் தானா அணைஞ்சிடும். பயாஸ்ல (மெஷின் கிளம்பும்போது வர்ற அமைப்பு மெனு) போய் ஐஜிபியூவை, அதாவது அந்த உள் கிராஃபிக்ஸை, எப்பவும் ஆன்ல இருக்கிற மாதிரி வைக்கணும். எஃப் இல்லாததை வாங்கிட்டும் எஃப் வாங்கின மாதிரியே ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க உண்டு.

20 ஜூலை, ராத்திரி

ரேம் பத்தி எழுத விட்டுப்போச்சு. 16 பத்தாது. 32 வேணும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல டைட்டில் பண்றவரா இருந்தா 64. ரெண்டு குச்சியா வாங்குங்க, நாலு குச்சியா வாங்காதீங்க. டிடிஆர்5 வகை ரேம்ல நாலு போட்டா வேகம் இறங்கும். ரைசன் 7000க்கு ஏஎம்டி கணக்கே, ரெண்டு குச்சிக்கு 5200, நாலுக்கு 3600. நாலு ஓட்டையும் நிரம்பியிருந்தா பாக்க நிறைவா இருக்கும், அவ்வளவுதான்.

22 ஜூலை 2025

மேக் மினி எம்4 வாங்கு, பேச்சு முடிஞ்சுதுன்னு ஒருத்தர். 59,900க்கு 16 ஜிபி, 256 ஜிபி. 10 பிட் 4:2:2 எச்.265ஐ எம்1 காலத்துலேருந்தே ஆப்பிள் சிப் படிக்குது, ஒத்துக்கிறேன். ஆனா ரேமைப் பின்னாடி கூட்ட முடியாது. 256 ஜிபிங்கறது நமக்கு ஒரு ரிசப்ஷன். அதைவிட, இந்தப் பக்கத்துல பாதிப் பேர் எடியஸ்ல வேலை பண்றோம். எடியஸ் விண்டோஸ்ல மட்டும்தான். கை பழகின மென்பொருளை நாப்பது வயசுக்கு மேல மாத்துறது மச்சினனை மாத்துற மாதிரி. நடக்கும், ஆனா வீட்டுல நிம்மதி இருக்காது.

லினக்ஸ் போடுன்னு சொன்னவருக்கு: டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் மென்பொருளோட இலவசப் பதிப்பு லினக்ஸ்ல எச்.264, எச்.265 ஃபைலையே திறக்காது. நம்ம ஃபைல் மொத்தமும் அந்த வகைதான்.

12 எதுக்கு, 14ஆம் தலைமுறை இருக்கேன்னு மூணு பேர். 13, 14ல மின்னழுத்தம் எகிறி சிப் நாளடைவில கெட்டுப் போற பிரச்சினை 2024ல பெருசா வெளியே வந்துச்சு. இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் திருத்தம் விட்டு, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. பயாஸ் புதுப்பிச்சா ஓட்டலாம். 12க்கு அந்தத் தலைவலி இல்லை, விலையும் கம்மி. மீதிக் காசை டிஸ்க்குல போடுங்க.

27 ஜூலை 2025

டிஸ்க் கணக்கு. மீடியாஇன்ஃபோன்னு இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு, உங்க ஃபைலை அதுல போட்டா ஜாதகமே வரும். கேள்வி கேட்ட தம்பி அனுப்பின மீடியாஇன்ஃபோ படத்துல பிட்ரேட் 140 எம்பிபிஎஸ். எட்டால வகுத்தா நொடிக்கு 17.5 எம்பி. மணிக்கு 63 ஜிபி. உதவியாளர் கேமராவையும் சேத்து மூணு, ஆளுக்கு அஞ்சு மணி நேரம்னா 945 ஜிபி. ஒரு கல்யாணம், ஒரு டிபி. இதை மனசுல வெச்சுக்கிட்டு கடைக்குப் போங்க.

வேகம்? மூணு கேமரா சேந்து ஓடினாலும் நொடிக்கு 52 எம்பிதான். சாதா சுழல் டிஸ்க்கே 150 குடுக்கும். அப்போ ஏன் திணறுதுன்னா, மூணு ஃபைலும் டிஸ்க்குல மூணு மூலையில இருக்கும். ஊசி ஓடி ஓடித் தேயுது. வேலை நடக்கிற கல்யாணம் எஸ்எஸ்டில இருக்கணும், முடிஞ்சது சுழல் டிஸ்க்குக்குப் போகணும். ஆனா 7000 எம்பி வேகம்னு விளம்பரம் பண்ற ஜென் 4 எஸ்எஸ்டிக்கும் 3500 ஜென் 3க்கும் வித்தியாசம் டைம்லைன்ல தெரியவே தெரியாது. கணக்கைத் திரும்பப் பாருங்க, நமக்கு வேணுங்கறது 52.

எஸ்எஸ்டில தெரிய வேண்டியது வேற. மலிவு கியூஎல்சி வகையில முதல்ல கொஞ்ச தூரம் எழுதுறது ராக்கெட்டாப் போகும். உள்ள இருக்கிற வேகப் பகுதி நிரம்பினதும் சுழல் டிஸ்க்கைவிடக் கீழே விழுந்துடும். கேம்காரன் வாழ்நாள்ல ஒரே மூச்சா 900 ஜிபி காப்பி பண்ண மாட்டான். நாம வாராவாரம் பண்றோம். ராத்திரி மண்டபத்துலேருந்து வந்து மெமரி கார்டை எல்லாம் காப்பி போட்டுட்டுப் படுத்தா காலைல "இன்னும் 3 மணி நேரம்"னு நிக்குறது இதனாலதான். டிஎல்சி வகையாக் கேட்டு வாங்குங்க.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப்பெருக்கும் அதுவுமா என் பேச்சு தண்ணில போச்சு.

தம்பி புதுக்கோட்டைல நண்பர்கிட்ட 12700 மெஷின் இருக்குன்னு, நம்ம ஃபைலை எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாத்திருக்கார். வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தார் பாருங்க, என்னைவிடப் புத்திசாலி. எஃப் இல்லை, பயாஸ்ல ஆன், பிரீமியர்ல இன்டெல் டிக் இருக்கு. எல்லாம் சரி. டைம்லைன் திக்குது. டாஸ்க் மேனேஜர்ல வீடியோ டீகோட் கோடு (அந்தப் பிரிக்கிற சர்க்யூட் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுறது) பூஜ்யத்துல படுத்திருக்கு. ஆனா மாப்பிள்ளை பொண்ணு அவுட்டோர்ல எடுத்த 50பி க்ளிப் மட்டும் வெண்ணெயாப் போகுதுன்னு எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுப்பிச்சு. மீடியாஇன்ஃபோ படத்தைத் திரும்பப் பாத்தேன். ஏவிசின்னு போட்டிருக்கு. ஏவிசின்னா எச்.264. நான் பிட்ரேட்டை மட்டும் பாத்துட்டுக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்திருக்கேன்.

விஷயம் இதுதான். சோனில எக்ஸ்ஏவிசி எஸ்ங்கற ஃபைல் வகை எச்.264. எக்ஸ்ஏவிசி எச்எஸ்ங்கறது எச்.265. கேமராவை நம்ம ஊர்ப் பழக்கப்படி PAL முறைக்கு (நம்ம ஊர் டிவி முறை) வெச்சா, எச்எஸ் 4கேல 25பி மெனுவிலேயே வராது. 50பிதான் வரும். மண்டப விளக்கு 50 ஹெர்ட்ஸ், அதனால 25பி, ஷட்டர் 1/50ன்னு எடுக்கிறவன் எல்லாம் தானா எக்ஸ்ஏவிசி எஸ்ஸுக்குப் போயிடுறான். 10 பிட் 4:2:2 எச்.264. 12700ல இருக்கிற குவிக் சிங்குக்கு 10 பிட் எச்.264 தெரியாது. எச்.265 தெரியும். அவுட்டோர் 50பி எச்எஸ்ல எடுத்திருக்கார், அது ஓடுச்சு. முகூர்த்தம் 25பி எஸ்ல, அது நின்னுச்சு.

நான் கேனான்காரன். ஆர்6ல சி-லாக்னா எச்.265தான். என் ஃபைலுக்கு என்ன மருந்து வேலை செஞ்சுதோ அதையே ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன். "உங்க ஃபைலைக் காட்டுங்க"ன்னு தலைப்பு வெச்சுட்டு, காட்டின ஃபைலைச் சரியாப் பாக்காதவன் நான்தான். நான் 12700ன்னு சொன்னதைப் பாத்துட்டு ஏற்கனவே வாங்கின சோனி நண்பர்கள் யாராவது இருந்தா, கோவத்தை எனக்குத் தனியா எழுதுங்க, இங்கே வேண்டாம்.

4 ஆகஸ்ட் 2025

தூங்கி எழுந்து யோசிச்சேன். வழி இருக்கு. ஜூலை 20 குறிப்புல 30, 40 வரிசை கை விரிக்கும்னு எழுதினேன், அது சரி. இந்த வருஷம் ஜனவரியிலேருந்து வர்ற 50 வரிசையைப் பத்தி எழுதவே இல்லை. அதுல என்விடியா கடைசியா 4:2:2வைச் சேத்துட்டாங்க. எச்.264, எச்.265 ரெண்டுமே. பிரீமியரும் ரிசால்வும் இந்த வருஷப் பதிப்புல அதைப் பயன்படுத்துது. ஆகவே சோனி 25பிகாரனுக்கு மருந்து புராசசர்ல இல்லை, கார்டுல இருக்கு. 5060 போதும்.

அப்படின்னா ரைசன் வாங்கக் கூடாதுன்னு நான் போட்ட போடும் பாதி போச்சு. 50 வரிசைக் கார்டு இருந்தா ரைசனும் ஓடும். கடைக்காரர் கொட்டேஷன்ல 4060ஐ 5060ன்னு மாத்தியிருந்தா அவர் ஜெயிச்சிருப்பார், காரணம் தெரியாமலே.

எடியஸ் நண்பர்கள் மட்டும் இன்டெல்லை விடாதீங்க. அதுக்குக் குவிக் சிங்க்தான் பழக்கப்பட்ட தோழன்.

கார்டு மெமரி: ரிசால்வ்ல 4கேல நாய்ஸை (இருட்டுல படத்துல வர்ற புள்ளி) நீக்கினா 8 ஜிபி நிறைஞ்சு, மெமரி பத்தலைன்னு செய்தி வரும். மண்டபத்துல கேண்டிட்காரங்க லைட் போட விடாம ஐஎஸ்ஓ ஏத்தி எடுத்த ரிசப்ஷனை நினைச்சுப் பாருங்க, நாய்ஸ் எடுக்காம எப்படிக் குடுப்பீங்க? 5060டிஐ 16 ஜிபி முடிஞ்சா அதுவே. இன்னொண்ணு, நாய்ஸ் ரிடக்‌ஷன் இலவச ரிசால்வ்ல கிடையாது. ஸ்டுடியோ வாங்கணும், 295 டாலர், ஒரே தடவை.

9 ஆகஸ்ட் 2025

தலைப்பை விட்டு விலகுறேன், பொறுத்துக்கோங்க.

மினி டிவி (MiniDV) டேப் காலத்துல இந்தக் கேள்வியே இல்லை. ஒரு மணி நேர டேப், 25 எம்பிபிஎஸ், மணிக்கு 13 ஜிபி. ஃபயர்வயர் கார்டு ஒண்ணு செருகி, டேப்பை ஓட விட்டா ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாவே உள்ளே இறங்கும். அவசரப்படுத்தவே முடியாது. அந்த ஒரு மணி நேரத்துல முழுக் கல்யாணத்தையும் பாத்துடுவோம். யார் மாமன், யார் சித்தப்பா, யார் சண்டை போட்டுட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா, எல்லாம் மனப்பாடம். அந்த டேப்ல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படமாவே இருக்கும், எங்கே வேணா வெட்டலாம், பென்டியம் 4 ஓட்டிச்சு. கனோபஸ் எடிட்டிங் கார்டு வெச்சிருந்த ஸ்டுடியோவுக்கு ஊர்ல தனி மரியாதை. மிக்ஸிங் பண்றவர்னு சொல்வாங்க, எடிட்டர்னு இல்லை. எங்க ஓனர் அந்தக் கார்டுக்கு ஆயுத பூஜைக்கு சந்தனம் வெக்கப் போய் நான் கையைப் பிடிச்சேன்.

இப்போ பத்து நிமிஷத்துல காப்பி ஆயிடுது, மாமன் யார்னு தெரியாம வெட்டிப்புடறோம்.

18 ஆகஸ்ட் 2025

ஆவணி பிறந்தாச்சு, தம்பி இன்னும் வாங்கலை. நான்தான் குழப்பிட்டேன். அதுவரைக்கும் பழைய மெஷின்லேயே ஓட்டுறதுக்கு பிராக்ஸி, அதாவது வெட்டுறதுக்கு மட்டும் சின்ன நகல் ஃபைல். இதை முதல் நாளே சொல்லியிருக்கணும், ஆனா ஹார்ட்வேர் கேள்விக்கு "வாங்காதே"ன்னு பதில் சொன்னா யாரும் படிக்கறதில்லை.

காப்பி முடிஞ்சதும் எல்லா ஃபைலுக்கும் 1080 அளவுல புரோரெஸ் பிராக்ஸி போட விட்டுட்டுத் தூங்கப் போங்க. 25பிக்கு 38 எம்பிபிஎஸ், மணிக்கு 17 ஜிபி. 15 மணி நேர ஃபுட்டேஜுக்கு 250 ஜிபி சொச்சம். இதுல ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படம், நம்ம மினி டிவி டேப் மாதிரியே. பத்து வருஷப் பழைய ஐ5 கூட ஓட்டும். வெட்டி முடிச்சு எக்ஸ்போர்ட் பண்ணும்போது அசல் ஃபைலைத் தானா எடுத்துக்கும். கலர் பண்றப்போ மட்டும் பிராக்ஸியை அணைக்க மறக்காதீங்க. நான் ஒரு தடவை மறந்து, பிராக்ஸியைப் பாத்தே ஷார்ப்னெஸ் ஏத்தி ஏத்தி, எக்ஸ்போர்ட்ல நாதஸ்வரக்காரர் முகத்துல ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிஞ்சுது.

போன்ல எடுத்த க்ளிப்பையும் இதே சமயத்துல மாத்திடுங்க. போன் ஃபிரேம் ரேட் நிலையா இருக்காது, கெட்டிமேளம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் போகும்.

24 செப்டம்பர் 2025

ஜிஎஸ்டி குறைஞ்சிருக்காமே, இப்போ வாங்கலாமான்னு நாலு பேர். புராசசர், கார்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் முன்னாடியே 18, இப்பவும் 18. 28லேருந்து 18க்கு இறங்கினது 32 அங்குலத்துக்கு மேல உள்ள டிவி, மானிட்டர். அவ்வளவு பெரிய மானிட்டர் வாங்குறவருக்கு லாபம்.

தம்பி தீபாவளி ஆஃபர் வரட்டும்ங்கறார். வரட்டும்.

11 அக்டோபர் 2025

எஸ்எம்பிஎஸ், அதான் மெஷினுக்குள்ள கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி, அதைப் பத்தி யாருமே கேக்கறதில்லை. கேபினட்டோட சேத்துக் குடுக்கிற "500 வாட்" டப்பா ஒண்ணு ஐப்பசி மழைல, கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு சாயங்காலம் புகைஞ்சு, போகும்போது போர்டையும் கூட்டிட்டுப் போச்சு. 80 பிளஸ் முத்திரை உள்ள 650 வாட் தனியா வாங்குங்க. அந்தக் கேபினட்டுல மினுங்குற லைட் நாலு குறைஞ்சாலும் பரவாயில்லை. சில கேபினட் பாத்தா மாரியம்மன் கோயில் சீரியல் செட் தோத்துடும், ஆனா முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடி காத்தே போகாது. மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல எக்ஸ்போர்ட் போட்டா உள்ளே இட்லி வெந்துடும். முன்பக்கம் வலை, அதுல ஒரு தூசி ஃபில்டர், அதை மாசம் ஒரு தடவை தட்டணும்.

யூபிஎஸ்: 600 விஏன்னா 600 வாட் இல்லை. 360 வாட் சுத்தி. என்கிட்ட இருக்கிறது 600தான், அஞ்சு நிமிஷம் தாங்கும், சேவ் பண்ணி அணைக்கப் போதும். வீட்டு இன்வெர்ட்டர்ல போட்டவங்க அது யூபிஎஸ் மோடுல இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா மாறுற அந்தக் கண் இமைக்கிற நேரத்துல மெஷின் படுத்துடும்.

23 நவம்பர் 2025

"அண்ணே, ரேம் விலையைப் பாத்தீங்களா?"

பாத்தேன் தம்பி. ஜூலைல நான் 32 ஜிபி சொன்னப்போ இருந்த விலை இப்போ ரெண்டு மடங்கைத் தாண்டிப் போச்சு. ஏஐ சர்வருக்கு மெமரி மொத்தமும் போகுது, நமக்குக் கழிச்சதுதான் வருது. ஆஃபருக்குக் காத்திருந்ததுல போன காசு கார்டுல கிடைச்ச தள்ளுபடியைவிட ஜாஸ்தி. வரட்டும்னு நானும் தலையாட்டினேன், செப்டம்பர் 24 குறிப்புல சாட்சி இருக்கு.

ஜூலை 22ல மேக் மினியைக் கிண்டல் பண்ணினதையும் இப்போ எடுத்துப் பாக்குறேன். ரேமோட சேத்து அந்தப் பெட்டி அதே 59,900ல உக்காந்திருக்கு. முழு மூச்சா ஓடினா 65 வாட், என் 600 விஏ யூபிஎஸ்ல சவாரியே போகலாம். எடியஸ் வேண்டாம்ங்கற சின்னப் பசங்க இன்னைக்குக் கேட்டா வாங்கச் சொல்லிடுவேன். ஒரு வெளி எஸ்எஸ்டியோட.

தம்பிக்கு ஒரு யோசனை: பழைய மெஷின்ல இருக்கிறது என்ன ரேம்? டிடிஆர்4 16 ஜிபி குச்சி ரெண்டா? அப்போ டிடிஆர்4 எடுக்கிற பி660 இல்லேன்னா பி760 போர்டு தேடுங்க. 12700 அதுல உக்காரும். சுத்திச் சுத்தி முதல் நாள் சொன்ன புராசசருக்கே வந்தாச்சு, காரணம்தான் வேற.

7 டிசம்பர் 2025

வாங்கிட்டார். 12700, பி660 டிடிஆர்4 போர்டு, பழைய ரேம் 32 அப்படியே, 5060டிஐ 16 ஜிபி, 2 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி, 8 டிபி சுழல் டிஸ்க், 650 வாட் எஸ்எம்பிஎஸ். ரேம் செலவு இல்லாததால 1,20,000க்குள்ள நின்னுது. முகூர்த்தம் 25பி ரெண்டு கேமராவும் பிராக்ஸி இல்லாம ஓடுதாம். டீகோட் கோடு மேலே ஏறி நிக்கிற படம் அனுப்பியிருந்தார். ஈசிஜி பாக்கிற டாக்டர் மாதிரி பாத்துக்கிட்டிருந்தேன்.

ரேம் பக்கம் இன்னொரு செய்தி. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் பேர்ல நமக்கு விக்கிறதை நிறுத்தப் போறதா இந்த வாரம் அறிவிச்சிருக்கு. என் மெஷின்ல இருக்கிறதும் க்ரூஷியல்தான். கழட்டித் துடைச்சுத் திரும்ப மாட்டினேன், ஒரு பாசம்.

14 டிசம்பர் 2025

தம்பிக்கு முதல் புகார் வந்தாச்சு, மெஷின்மேல இல்லை. பொண்ணோட அம்மா போன் பண்ணி, "புடவை அரக்கு, நீங்க என்ன ரோஸ் ஆக்கி வெச்சிருக்கீங்க"ன்னு. திருபுவனம் பட்டு. எனக்கும் ஆகியிருக்கு. பட்டுல குறுக்கு நூல் ஒரு நிறம், நெடுக்கு நூல் ஒரு நிறம் இருந்தா எல்இடி விளக்குல எந்தக் கேமராவும் தடுமாறும். அதுக்கு மேல நம்ம மானிட்டரும் பொய் சொன்னா முடிஞ்சுது.

1,20,000 கணக்குல மானிட்டரே இல்லை, கவனிச்சீங்களா? அவரும் கேக்கலை, நானும் கேக்கலை. அஞ்சு மாசம் சிப்பைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். பழைய டிஎன் பேனல் மானிட்டர், தலையை ஒரு அங்குலம் சாய்ச்சா நிறம் மாறும். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிற அளவு முழுசும் காட்டுறது, 24 அங்குலம் போதும். கூட ஒரு யோசனை, காசு செலவில்லாதது: மண்டபத்துல புடவையை ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கலர் பண்றப்போ பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். பொண்ணோட அம்மாகிட்ட கேட்டு எடுங்க, "இந்த நிறம்தானேம்மா"ன்னு. அப்புறம் போன் வராது.

27 டிசம்பர் 2025

மார்கழி. முகூர்த்தம் இல்லை, பாக்கி வேலையை முடிக்கிற மாசம். இன்னைக்கு எங்க ஏரியா மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9லேருந்து கரண்ட் இல்லை. அறிவிப்பு வந்தது ஞாபகம் இல்லாம எட்டரைக்கே ரிசப்ஷன் எக்ஸ்போர்ட் போட்டுட்டேன்.

அக்டோபர்ல என் யூபிஎஸ் அஞ்சு நிமிஷம் தாங்கும்னு எழுதினேன்ல? அது சும்மா டைம்லைன் வெட்டிக்கிட்டிருந்தப்போ பாத்த கணக்கு. எக்ஸ்போர்ட் ஓடும்போது புராசசரும் கார்டும் முழுசா இழுக்குது. ரெண்டு தடவை கீச்னு கத்திச்சு, மூணாவது கத்தல்ல மானிட்டர் இருட்டு. சேவ் பொத்தானுக்குக் கை போறதுக்குள்ள. பேட்டரி போட்டு மூணு வருஷம் ஆச்சு, அதுவும் ஒரு காரணம். 12 வோல்ட் 7 ஏஎச், சாயங்காலம் போய் வாங்கணும். 1 கேவிஏக்கே போயிடலாமான்னும் இருக்கு.

தம்பி, உங்க யூபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு இன்னைக்கே சுவிட்சை அணைச்சுப் பாத்து எழுதுங்க. வேண்டாத ஃபைல் ஒண்ணு எக்ஸ்போர்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போது அணைங்க.